மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கை பழையபடி மேலே போக: முதல் நாளிலிருந்து பிசியோதெரபி வழிகாட்டி

வார்டில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் காதில் விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "கையை அசைக்காதே, தையல் பிரிஞ்சிடும்." சொல்வது மாமியாராக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணை வந்த அக்காவாகவும் இருக்கலாம். அக்கறையில் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் சென்னையில் பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடத்தில் நான் பார்த்த இறுகிப்போன தோள்களில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு வாக்கியம்தான். கட்டியை எடுத்தாகிவிட்டது, கீமோ முடிந்தது, ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து, "தலை வாரிக்க முடியலம்மா" என்று வந்து நிற்பார்கள்.

கையைக் கட்டிவைத்தால் அது காப்பாற்றப்படாது. சரியான நாளில், சரியான அளவு அசைக்க வேண்டும். எந்த நாளில் எவ்வளவு என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். உங்கள் சர்ஜன் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொல்வதே கடைசி வார்த்தை. குறிப்பாக வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து மார்பை மறுபடி அமைத்திருந்தால், அல்லது இம்பிளான்ட் வைத்திருந்தால், கீழே உள்ள நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அந்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

என்ன ஆபரேஷன் நடந்தது?

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். மார்பில் என்ன செய்தார்கள் என்பது ஒன்று: முழுதாக எடுத்த மாஸ்டெக்டமியா, கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்த லம்பெக்டமியா. அக்குளில் என்ன செய்தார்கள் என்பது இன்னொன்று. ஒன்றிரண்டு நெறிகட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, மட்டும் எடுத்துச் சோதித்திருந்தால் சென்டினல் நோட் பயாப்ஸி என்று எழுதியிருக்கும். அக்குளில் உள்ள நெறிகட்டிகளை மொத்தமாக வழித்தெடுத்திருந்தால் ஆக்சிலரி டிசெக்‌ஷன் அல்லது கிளியரன்ஸ் என்று இருக்கும். எல்லோரும் மார்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கையைப் பொறுத்தவரை அக்குளில் நடந்ததுதான் பெரிய விஷயம்.

காரணம் எளிது. கையில் ஊறும் நிணநீர் வடிந்து போவது அக்குள் வழியாக. நெறிகட்டிகளை எடுத்துவிட்டால், மழைநீர் வடிகாலில் பாதியை அடைத்துவிட்ட தெரு மாதிரிதான் நிலைமை. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் ஒரு மழை கொட்டினால் தேங்கும். கைக்கு அந்த மழை என்பது ஒரு தீக்காயம், ஒரு சீழ்க்கட்டி, அளவுக்கு மீறிய ஒரு சுமை.

அக்குளுக்குள் நரம்புகளும் ஓடுகின்றன. மேல் கையின் உட்புறம் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போல இருப்பது, நைட்டியின் துணி பட்டாலே எரிவது எல்லாம் அங்கே ஒரு தோல் நரம்பு அறுபட்டதாலோ இழுபட்டதாலோ வருவது. பெரும்பாலும் மாதக்கணக்கில் குறையும். உள்ளங்கை அளவு மரப்பு நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் நினைவில் வைக்க வேண்டிய விஷயம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வலிக்கிறதே என்று அங்கே வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் செய்த பக்கம் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

இந்தக் கட்டத்தில் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டெய்லர் டேப் ஒன்று எடுத்து இரண்டு கைகளையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். விரல் முட்டிகள் சுற்றி ஒரு அளவு, மணிக்கட்டில் ஒரு அளவு, அங்கிருந்து மேலே ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு அளவு. வலது கைக்காரருக்கு வலது கை இயல்பாகவே கொஞ்சம் பெரிதாக இருக்கும். பின்னால் வீக்கமா இல்லையா என்று சந்தேகம் வரும்போது இந்த ஒரு பக்கம் பெரிய சாட்சி.

முன்பக்கம் பட்டனோ ஹூக்கோ வைத்த தளர்வான ரவிக்கை, நைட்டி நான்கைந்து தைத்து வையுங்கள். தலை வழியாகப் போடும் குர்தி இரண்டு மூன்று வாரத்துக்கு ஆகாது. மோதிரமும் இறுக்கமான வளையலும் அந்தக் கையிலிருந்து வீட்டிலேயே கழன்றுவிட வேண்டும்.

முதல் வாரம்: டிரெயின் இருக்கும்போது

ஆபரேஷன் முடிந்ததும் டிரெயின் என்று சொல்லும் வடிகுழாய்கள் ஒன்றோ இரண்டோ வெளியே தொங்கும். உள்ளே ஊறும் நீரை அவை வடிக்கும். ஒரு நாளைக்கு வரும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே போனதும் எடுப்பது பல இடங்களில் வழக்கம். அந்தக் குழாயைக் கண்டுதான் பலர் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். பழைய காட்டன் புடவையில் ஒரு சின்னப் பை தைத்து, நாடா போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, டிரெயின் டப்பாவை அதில் போட்டுவிட்டால் இரண்டு கையும் விடுபடும்.

இந்த வாரத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: முழங்கை தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே எல்லாம் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

மயக்கம் தெளிந்த அன்றோ மறுநாளோ மூச்சிலிருந்து தொடங்குங்கள். மூக்கு வழியாக ஆழமாக இழுத்து, விலா விரிவதை உணர்ந்து, வாய் வழியாக மெதுவாக விடுவது. மணிக்கொரு தடவை ஐந்தாறு மூச்சு. மார்பு இறுக்கிக் கட்டியிருப்பதால் எல்லோரும் மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள். அப்படியே விட்டால் சளி கட்டும், காய்ச்சல் வரும்.

அடுத்தது விரல்கள். கையைத் தலையணை மேல், நெஞ்சை விடக் கொஞ்சம் உயரமாக வைத்து, இறுக்கி மூடி விரிப்பது. ஸ்மைலி பந்துதான் வேண்டும் என்றில்லை, சுருட்டிய சாக்ஸ் போதும். பத்துப் பதினைந்து தடவை. பிறகு முழங்கையை மடக்கி நீட்டுவது. பிறகு உட்கார்ந்தபடி இரண்டு தோள்களையும் காதை நோக்கித் தூக்கி இறக்குவது, முன்னிருந்து பின்னாகச் சுழற்றுவது. கடைசியாக, முதுகுக்குப் பின்னால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒரு பென்சிலைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அழுத்தி, ஐந்து எண்ணி விடுவது. எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. மொத்தமே பத்து நிமிஷ வேலை.

பல் துலக்குவது, சாப்பிடுவது, முகம் கழுவுவது எல்லாம் அந்தக் கையாலேயே செய்யுங்கள். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பூ கட்டி விற்கும் ஒரு அம்மா, டிரெயின் இருக்கும்போதே நாலாம் நாள் மடியில் மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்தார். மருமகள் என்னிடம் புகார் சொன்னாள். நான் மருமகள் பக்கம் சேரவில்லை. முழங்கை மடியில், விரல் மட்டும் வேலை செய்கிறது, நடுநடுவே எழுந்து உலாத்துகிறார். இதைவிட நல்ல பயிற்சி எந்த புத்தகத்தில் இருக்கிறது? பூக்கூடையைத் தூக்க மட்டும் தடை போட்டேன்.

எடை விஷயத்தில் கறாராக இருங்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் தூக்கலாம். தண்ணீர்க் குடம், மாவு நிறைந்த கிரைண்டர் கல், பேரக்குழந்தை மூன்றும் இப்போது கூடாது. ஆட்டோவில் போகும்போது மேடுபள்ளத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பழக்கம் இருந்தால் நல்ல கையால் பிடிக்கிற பக்கமாக உட்காருங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை: முக்கியமான காலம்

டிரெயின் எடுத்ததும் தோள் உயரத் தடை விலகுகிறது. பெரும்பாலோருக்கு இது 7 முதல் 10 நாளுக்குள் வரும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். பிரிட்டனில் தோள் பிரச்சனை வர வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2021ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து 7 முதல் 10 நாளில் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, ஒரு வருடம் கழித்துக் கையின் செயல்பாடு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. காயத்துக்கும் கூடுதல் கெடுதல் வரவில்லை. பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

முதல் பயிற்சி, படுத்துக்கொண்டு கட்டை தூக்குவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். மாப் கட்டையை இரண்டு கையாலும் தோள் அகலத்துக்குப் பிடித்து, முழங்கையை நீட்டி, நல்ல கை மற்ற கையைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி ஐந்து எண்ணுங்கள், திரும்பி வாருங்கள். ஐந்து முதல் ஏழு தடவை. நல்ல கைதான் ஓட்டுநர், ஆபரேஷன் கை பயணி.

இரண்டாவது, அதே படுக்கையில். இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொண்டு முழங்கைகள் விட்டத்தைப் பார்க்க வையுங்கள். பிறகு இரண்டு முழங்கையும் மெதுவாகப் பக்கவாட்டில் பாயை நோக்கி இறங்கட்டும். முதல் வாரம் பாதி தூரம்கூடப் போகாது. முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் பயமில்லாமல் விடலாம். ஜடை பின்னும் அசைவு இதுதான்.

மூன்றாவது, சுவர் ஏறுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. சுவரைப் பார்த்து அரைக்கை தூரத்தில் நில்லுங்கள். விரல்நுனிகளைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நடத்துங்கள். அக்குளிலோ மார்பிலோ இழுப்பு வந்ததும் நிற்க வேண்டும். ஐந்து முதல் பத்து எண்ணிக்கை அங்கேயே. பிறகு வந்த வழியே விரல்களை நடத்தி இறக்குங்கள். கையைத் தொப்பென்று விடக் கூடாது, மறுநாள் வலிப்பது அதனால்தான். குதிகாலைத் தூக்குவது, இடுப்பை முன்னால் வளைப்பது, தோளைக் காதுவரை உயர்த்துவது மூன்றும் திருட்டு. உயரம் கூடுமே தவிர தோள் திறந்திருக்காது. கண்ணாடி எதிரில் செய்தால் திருட்டு உடனே தெரிந்துவிடும். முன்பக்கம் ஐந்து தடவை முடிந்ததும், சுவருக்குப் பக்கவாட்டில் நின்று அதே மாதிரி ஐந்து.

எட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குழந்தைகள் உயரத்துக்குப் போடுகிறோமே, அப்படி. பூக்கார அம்மா வீட்டில் பென்சில் இல்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் குங்குமத்தால் புள்ளி வைத்திருந்தார். முதல் நான்கு புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கறை மாதிரி ஆகியிருந்தன. ஐந்தாவது புள்ளி இரண்டு விரற்கடை மேலே. அதற்குப் பிறகு ஒன்று கீழே இறங்கியிருந்தது. கேட்டேன், முதல் கீமோ போட்ட வாரம் என்றார். கை அப்படித்தான் முன்னேறும், படிக்கட்டு மாதிரி ஏறாது. ஒரு வாரம் இறங்கினால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், அந்த வாரம் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

நான்காவது வாரம் வாக்கில், கதவு நிலையில் இரண்டு முன்கைகளையும் ஊன்றி ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை மெல்ல முன்னே தள்ளும் பயிற்சியைச் சேர்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கோத்த கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இடமும் வலமும் சாய்வதையும் சேர்க்கலாம்.

வலி எவ்வளவு வரலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். இறுக்கமாகத் தைத்த ரவிக்கையைப் போட்டு நிமிர்ந்த மாதிரி ஒரு இழுப்பு வரத்தான் வேண்டும், அதுதான் பயிற்சி. ஊசி குத்துகிற மாதிரி சுருக்கென்று வந்தால் நிறுத்துங்கள். பத்துக்கு மூன்று, நான்கு வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அது அப்படியே இருந்தால் முந்தைய நாள் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரை போடாமல், பயிற்சியும் செய்யாமல் இருப்பதுதான் நஷ்டம்.

எங்கே வந்திருக்கிறோம் என்று பார்க்க டிகிரி கணக்கு வேண்டாம், வீட்டு வேலையே போதும். கொடியில் ரவிக்கையைக் காயப்போட முடிகிறதா? கை முன்பக்கமாக மேலே போகிறது. தானாக ஜடை பின்ன முடிகிறதா? பக்கவாட்டுத் தூக்கலும் வெளிப்புறச் சுழற்சியும் வந்துவிட்டன. பின்னால் கைவிட்டுப் பிரா ஹூக் போட முடிகிறதா? உட்புறச் சுழற்சி திரும்பிவிட்டது. இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் கடைசியில் வரும். மாநகரப் பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நிற்பது மட்டும் பரீட்சை வேண்டாம். டிரைவர் பிரேக் போட்டால் மொத்த உடம்பும் அந்தக் கையில் தொங்கும்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் சுவர்க் கோடு காதுக்கு மேலே போகாமல் நின்றுவிட்டால், அல்லது சுவரைத் தள்ளும்போது ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி புடைத்துக்கொண்டால், வீட்டில் தனியாகப் போராட வேண்டாம். புடைப்புக்குக் காரணம் விலாவை ஒட்டி ஓடும் ஒரு நரம்பு. பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் அதற்கான பயிற்சி வேறு.

அக்குளில் தந்தி

இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் ஒரு நாள் கையைத் தூக்கும்போது, அக்குளிலிருந்து முழங்கை மடிப்பு வரை தோலுக்கடியில் வீணைத் தந்தி மாதிரி ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். சிலருக்கு மணிக்கட்டு வரை. நேற்று வரை மேலே போன கை இன்று பாதியில் நிற்கும். புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று அழுதுகொண்டு போன் செய்தவர்கள் உண்டு. இல்லை, இது வேறு. நிணநீர்க் குழாய்கள் இறுகிப்போவதால் வருவது என்று கருதுகிறோம், கார்டிங் என்று பெயர். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். மேலே சொன்ன நீட்டல்களைத் தொடர்வதும், பிசியோதெரபிஸ்ட் கையால் அந்தத் தந்தியின் மேல் தோலை மெல்ல இழுத்துத் தளர்த்துவதும்தான் வைத்தியம். நீட்டும்போது தானாகவே டப் என்று அறுந்து கை சட்டென்று மேலே போவதும் உண்டு, கெடுதல் இல்லை. வேண்டுமென்றே இழுத்து அறுக்க யாரையும் விடாதீர்கள்.

தழும்பு

காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு, சுமார் நான்கு முதல் ஆறு வாரத்தில், தழும்பைத் தொடத் தொடங்குங்கள். இது சிலருக்குச் சுவர் ஏறுவதைவிடக் கஷ்டம். கண்ணாடியில் பார்க்கவே முடியாதவர்கள் முதலில் துணி மேலேயே கை வைக்கலாம், அவசரமில்லை. வாசனை இல்லாத கிரீமோ தேங்காய் எண்ணெயோ ஒரு துளி. இரண்டு விரல் நுனியைத் தழும்பின் மேல் வைத்து, தோலோடு சேர்த்துச் சின்ன வட்டமாக நகர்த்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கினால் பயன் இல்லை, அடியில் உள்ள ஒட்டுதல்தான் நகர வேண்டும். ஐந்து நிமிஷம், தினமும்.

கரண்ட் வைக்கும் நாட்கள்

ரேடியேஷனை நம் ஊரில் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்கிறோம். அதற்குப் படுக்கையில் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். கை போகவில்லை என்றால் பிளானிங் ஸ்கேனே தள்ளிப்போகும். பயிற்சியை இரண்டாவது வாரமே தொடங்கச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். மாப் கட்டையோடு தலைக்கு மேல் பத்து நிமிஷம் படுத்திருக்க முடிந்தால் தயார்.

ரேடியேஷன் நடக்கும் வாரங்களிலும் நீட்டல்களை நிறுத்தாதீர்கள். தழும்பு மசாஜை மட்டும் தோல் ஆறும் வரை நிறுத்துங்கள். கதிர் பட்ட தசை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மெல்ல இறுகிக்கொண்டே வரும். அதனால் சுவர் ஏறுவதும் கதவு நிலை நீட்டலும் குறைந்தது இரண்டு வருடமாவது தினமும் ஒரு வேளை ஓடட்டும்.

பலம் சேர்ப்பதும் நடப்பதும்

ஆறிலிருந்து எட்டு வாரம் ஆனதும், டாக்டர் சரி என்றால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். அதுவே அரைக் கிலோ டம்பெல். முழங்கை மடக்குவது, பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது, குனிந்து பின்னால் இழுப்பது. எட்டுப் பத்துத் தடவை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கை கனக்கவில்லை என்றால் ஒரு கிலோவுக்குப் போங்கள்.

"அந்தக் கையால் வாழ்நாள் முழுக்க எடை தூக்கக் கூடாது" என்று பல வருடமாகச் சொல்லிவந்தார்கள். 2009ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அதை மாற்றியது. ஏற்கெனவே கைவீக்கம் உள்ள பெண்கள் மேற்பார்வையோடு, கையை அழுத்திப் பிடிக்கும் ஸ்லீவ் என்ற உறையைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டினார்கள். வீக்கம் கூடவில்லை, கை பலமானது. கை பலவீனமாகவே இருந்தால், என்றோ ஒரு நாள் கேன் தண்ணீரைச் சட்டென்று தூக்கும்போது அதற்குத் தாங்காது. பழக்கப்பட்ட கை தாங்கும்.

கீமோ நடக்கும்போது அசதி ஆளை அமுக்கும். படுத்தே கிடந்தால் அசதி கூடும். ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே உலாத்துங்கள். பிறகு பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று கூட்டி, வாரத்துக்கு 150 நிமிஷ நடையை இலக்காக வையுங்கள். சென்னை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரை நடைபாதையோ நாகேஸ்வர ராவ் பூங்காவோ, சமதளமாக, நடுவில் உட்கார இடம் உள்ள இடமாகப் பாருங்கள். சில மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். அப்போது மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், தடுமாறும்.

நடக்கும்போது ஒன்று கவனியுங்கள். மார்பு எடுத்த பக்கத்தை மறைக்க முந்தானையை இழுத்துவிட்டுக் கூன் போட்டு நடப்பது அநேகம் பேருக்குப் பழகிப்போகிறது. தோள் முன்னால் மடங்க மடங்கக் கழுத்து வலியும் தோள் உரசலும் வரும். காயம் ஆறிய பிறகு எடை சரியான செயற்கை மார்பகம் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சனை தீரும். அதுவரை பஞ்சு வைத்துத் தைத்தது போதும்.

கைவீக்கம்: வராமல் பார்ப்பது, வந்தால் செய்வது

அக்குளை முழுதாக வழித்தெடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு லிம்ஃபெடிமா, அதாவது நிணநீர் தேங்கி வரும் கைவீக்கம், வருகிறது. சென்டினல் நோட் மட்டும் எடுத்தவர்களுக்கு இது இருபதில் ஒருவர் அளவில்தான். முதல் இரண்டு மூன்று வருடத்தில் அதிகம், ஆனால் பத்து வருடம் கழித்தும் வரலாம். உடல் எடை கூடுதலாக இருந்தால் வாய்ப்பு கூடும்.

கண்ணுக்குத் தெரியும் முன்பே கை சொல்லிவிடும். சாயங்காலம் கனமாக இருக்கும், வளையல் தடம் பதியும், ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். மாதத்தின் முதல் தேதி டேப்பை எடுத்து அதே இடங்களில் அளந்துவிடுங்கள். எந்த ஒரு இடத்திலும் பழைய கணக்கைவிட 2 செ.மீ. கூடியிருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியும். நாள்பட்டு உள்ளே நார் கட்டிவிட்டால் குறைக்கலாம், ஆனால் முழுதாகப் போகாது.

சிகிச்சைக்கு நான்கு கால்கள்: தோல் பராமரிப்பு, நிணநீரைத் திருப்பிவிடும் மென்மையான மசாஜ், பல அடுக்குக் கட்டு அல்லது ஸ்லீவ், பயிற்சி. மசாஜ் என்றதும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நினைக்காதீர்கள். சந்தனம் பூசுகிற அளவுதான் அழுத்தம், அதுவும் கழுத்திலிருந்தும் மார்பிலிருந்தும் தொடங்கிக் கைக்கு வர வேண்டும். வடிகாலைத் திறந்துவிட்டுத்தானே தெருத் தண்ணீரைத் தள்ள முடியும். ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் கையைக் கொடுத்து வீங்கிச் சிவந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களே இறுக்கிச் சுற்றுவதும் அதே தப்பு. நடுவில் ஒரு சுற்று இறுகினால் அதற்குக் கீழே மொத்தமும் வீங்கும்.

ஸ்லீவ் அளவெடுத்து வாங்க வேண்டியது. காலையில் கை மெலிந்திருக்கும்போது போட்டு, இரவு படுக்கும்போது கழற்றுவது. சித்திரை, வைகாசியில் அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பது நரகம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். சமையலைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். துவண்டுபோன ஸ்லீவை வருடக்கணக்கில் போடுவதில் பயனில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

தோல்தான் முதல் காவல். எண்ணெய் தெறிக்கும் வேலைக்கு முழுக்கை, பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை, இரவில் கொசுவலை, குளித்ததும் வறட்சி போகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சின்னக் கீறல் என்றாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். அந்தக் கையில் பிபி பார்க்கலாமா, ரத்தம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இன்னொரு கை சும்மா இருக்கும்போது அதைக் கொடுங்கள். அவசரத்தில் யாராவது இந்தக் கையில் ஒரு முறை பார்த்துவிட்டால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையில் எங்கே போவது?

ஆபரேஷன் நடந்த இடத்திலேயே பிசியோதெரபி பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ, சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ சிகிச்சை எடுப்பவர்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போதே பிசியோவுக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவு வராது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. வெளியே போக முடியாத நிலையில் இருந்தால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தனியார் கிளினிக் என்றால் போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "லிம்ஃபெடிமா பேஷன்ட் பார்த்திருக்கீங்களா, கட்டுக் கட்டுவீங்களா?" முழங்கால் வலிக்கு வைக்கும் ஹீட் மெஷினையே இதற்கும் வைப்பேன் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கையோ மார்போ சிவந்து, சுட்டு, காய்ச்சலோடு குளிர் எடுத்தால் அது தோல் தொற்று. பயிற்சி, மசாஜ், ஸ்லீவ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள், அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். கீமோ நடுவில் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் சரி. தையலிலிருந்து சீழ் வந்தாலும், டிரெயின் எடுத்த இடத்தில் நீர் கோத்துப் பலூன் மாதிரி உப்பினாலும் சர்ஜனிடம் போங்கள், ஊசியால் எடுத்துவிடுவார். தழும்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, விடாத எலும்பு வலி இருந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தம் கட்டியிருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆட்டோ தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.